விடு என்றொரு கட்டளை

"என் காதில் என் மகள் கப்பல் ஓட்டுகிறாள்."

புகாரின் முதல் வரி அது. வடிவாம்பிகை மறுபடியும் படித்தாள். அனுப்பியவர் ரெமிஜியுஸ் பர்னாந்து, தூத்துக்குடி. டக் மாஸ்டர், ஓய்வு. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துத் துறைக்குக் கொண்டுவரும் டக் படகுகளை ஓட்டியவர்.

"கிறுக்கா இருக்கும்க்கா," என்றான் மைதீன். உடன் வேலை பார்ப்பவன், காயல்பட்டினத்துக்காரன். எதையும் முதலில் சிரித்துவிட்டுத்தான் யோசிப்பான். "போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தார். அவர் காதுல பழைய எம்.எல்.ஏ. பேசுதாராம்."

"என்ன பதில் போட்ட?"

"ஓட்டுக் கேட்டா போட்டுறாதீங்கன்னு."

வடிவு சிரிக்கவில்லை. புகாரின் இரண்டாவது வரியில் ஒரு கப்பலின் பெயர் இருந்தது. ஹூக்ளி ஆற்றில் அது எந்தத் துறைக்கு வந்தது, கட்டுவதற்கு முன் எத்தனை தடவை பின்வாங்கியது என்பதும் இருந்தது. அந்தத் துறைமுகம் தன் கப்பல் வரவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடும். வடிவு பார்த்தாள். ஒவ்வொன்றும் பொருந்தியது. ஆனால் புகார் அனுப்பிய நேரத்தில் அந்தப் பின்வாங்கல் இன்னும் வெளியாகியிருக்கவில்லை; தூத்துக்குடியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது தெரிய வழியே இல்லை.

மூன்றாவது வரி: "இதைச் சீக்கிரம் அடைத்துவிடுங்கள். கப்பல் தரை தட்டும்."

செவி என்ற கருவி அப்போது பல நாடுகளில் லட்சக்கணக்கானோர் தலையில் இருந்தது. மண்டையோட்டுக்குள் ஒரு தகடு, காதுக்குப் பின்னால் ஒரு வில்லை. இரண்டும் சத்தத்தை வாங்கும், கொடுக்கும், அவ்வளவுதான். வாங்கிய இரைச்சலைப் பேச்சாகவும் மழையாகவும் பிரித்து நரம்புக்கு ஏற்றதாக்கும் வேலை, அவரவர் பதிவு செய்த ஊரின் பொதுக் கணினியில் நடந்தது. ஒரு கணினிக்குள் ஆயிரக்கணக்கான காதுகள். யார் சத்தம் யாருக்கு என்று எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து பங்கிட்டுக் கொடுப்பது கருநிரல். அதன் பெயர் அச்சாணி. அது பிறந்த இடம் இந்த அலுவலகம். அதன் மொழி தமிழ்.

கட்டளைகளே தமிழ். திற, மூடு, எடு, வை, விடு. பிரேசிலில் ஒரு பொறியாளர் அந்தச் சொற்களைத் தடுமாறாமல் தட்டுவதைப் படம் பிடித்து அனுப்பியபோது அலுவலகமே கூடி நின்று பார்த்தது. வடிவுக்கு இப்போது அந்தக் கருநிரல்தான் பொறுப்பு. கருநிரலில் குறை என்றால் யாரோ வீட்டு வாசலில் வந்து ஏசுகிற மாதிரி அவளுக்கு முகம் சிவக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மைதீன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். "கிறுக்கு இல்லக்கா. ஓட்டை இருக்கு. ஒரு ஆளோட சத்தம் தங்குற நினைவகப் பக்கம் இன்னொரு ஆளுக்குத் தெரியுது. நானே செஞ்சு பாத்துட்டேன்."

"எத்தனை பேருக்கு?"

"பல ஆயிரம். பெத்தவங்க, பிள்ளைங்க ரெண்டு பேரும் செவி வச்சு, ஒரே குடும்ப அட்டையில பதிஞ்சிருந்தா உண்டு. ஒரே வீட்டுல இருந்தா எதிரொலி மாதிரி தோணும், கண்டுக்க மாட்டாங்க. பிள்ளை வெளியூருல இருந்தா..." அவன் நிறுத்தினான். "அக்கா, பல ஆயிரம் பேருல ஒருத்தர்தான் புகார் குடுத்திருக்காரு."

அன்று செவியை மேற்பார்க்கும் பன்னாட்டுக் குழு திரையில் கூடியது. தலைவி தன்மையாகப் பேசினார். வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டை அடைபட வேண்டும். இல்லாவிட்டால் அச்சாணியை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலக் கட்டளைகளில் புதிதாக ஒன்றை எழுத வேண்டியிருக்கும். ஒரு மொழிக்காரர்கள் மட்டுமே முழுதாகச் சரிபார்க்க முடிகிற கருநிரலை உலகம் எப்படி நம்புவது என்று கேட்டார். கேள்வியில் குத்தல் இல்லை. அதனாலேயே அது அதிகம் தைத்தது.

"வெள்ளிக்கிழமை அடைச்சிருப்போம்," என்றாள் வடிவு.

எங்கே அடைப்பது என்று அவளுக்கு அப்போது தெரியாது. வரி வரியாகப் படித்தார்கள். பக்கங்களைக் கையாளும் பகுதியில் தப்பில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்ற அட்டவணையிலும் தப்பில்லை. இரண்டையும் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டும் சேரும் இடத்தில் சத்தம் கசிந்தது.

ரெமிஜியுஸை வரச் சொன்னார்கள். வாசலில் காவலர் சுடலைமுத்து அவரைத் தடுத்து நிறுத்திவிட்டு மாடிக்குப் போன் செய்தார். "அவரை விடுங்க அண்ணாச்சி," என்றாள் வடிவு. காத்திருந்தாள். யாரும் வரவில்லை. இறங்கிப் போனாள். கேட்டுக்கு வெளியே, வெயிலில், வெள்ளைச் சட்டை போட்ட உயரமான மனிதர் நிமிர்ந்து நின்றிருந்தார். சுடலைமுத்து உள்ளே நாற்காலியில் இருந்தார்.

"அவரு ஏன் வெளிய நிக்காரு?"

"நீங்கதானம்மா விடச் சொன்னீங்க. கையப் பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தேன். விட்டுட்டேன்."

"உள்ள விடச் சொன்னேன் அண்ணாச்சி."

"உள்ளன்னு நீங்க சொல்லலியே."

வடிவு அவரைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு ரெமிஜியுஸிடம், "ஐயா, வாங்க, மேல மைதீன்னு ஒருத்தன் இருப்பான், டீ குடிச்சுக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் படியேறி ஓடினாள்.

இரண்டு பகுதிகளிலும் அந்தச் சொல் இருந்தது. விடு. பக்கங்களை எழுதியவருக்கு அதன் பொருள், வேலை முடிந்தது, கையை எடு. அட்டவணையை எழுதியவருக்கு அதன் பொருள், வந்து நிற்பவரை உள்ளே அனுப்பு. முதலாமவர் ஒரு பக்கத்தை விடச் சொன்னார். இரண்டாமவரின் நிரல் கதவைத் திறந்து விட்டது. தமிழ் தெரியாதவர்கள் எழுதியிருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பார்கள், ஒருவரை ஒருவர் கேட்டிருப்பார்கள். இவர்கள் கேட்கவில்லை. விடு என்றால் என்ன என்று தமிழன் தமிழனிடம் கேட்பானா?

வடிவு திரையைப் பார்த்து, "சரியான ஆளுங்கப்பா நீங்க," என்றாள். கோபமில்லை.

அவள் திரும்பி வந்தபோது ரெமிஜியுஸ் டீயைத் தொடாமல் வைத்திருந்தார். கண் எங்கோ இருந்தது. கையை லேசாக உயர்த்தி அவளைப் பொறுக்கச் சொன்னார்.

"ஏறிட்டா," என்றார். "பெரிய கப்பல். ஆழம் சொல்லுதான் ஒருத்தன்." சுக்கானுக்கான கட்டளைகளை வாய்க்குள் முணுமுணுத்தார். "ஸ்டார்போர்ட் டென்... மெதுவா... மிட்ஷிப்ஸ்." ஒவ்வொரு முணுமுணுப்புக்குப் பிறகும் அவர் முகத்தில் ஒரு சின்ன ஆமோதிப்பு வந்து போயிற்று. அங்கே யாரோ அதையே சொல்லியிருக்க வேண்டும்.

வடிவு நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. மைதீன்தான் சொன்னான். "மாஸ்டர், வில்லையக் கழட்டிருங்க. நாங்க பாத்துக்கிட்டே இருந்தா எங்களுக்கும் பாவம்."

அவர் உடனே கழற்றி மேசையில் வைத்தார். வெகுநேரம் எதையும் கேட்காமல் இருந்தார். கப்பல் கரை சேர்ந்திருக்கும் என்று அவரே கணக்குப் போட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு பேசினார்.

மகள் பெயர் பிளாவியா. அவர்கள் குடும்பத்தில் காது போவது வழிவழியாக வருவது. அவருக்கு நடுவயதில் போயிற்று. போன அன்றே டக்கிலிருந்து தானாக இறங்கினார். யாரும் இறங்கச் சொல்லவில்லை. பிளாவியாவுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போயிற்று. இருவருக்கும் ஒன்றாகச் செவி பொருத்தினார்கள், ஒரே அட்டையில். அவள் ஹூக்ளியில் பைலட் ஆக வேண்டும் என்றாள். ஆற்றுக்குள் நுழையும் கப்பலில் ஏறி, வழி சொல்லிக் கரைசேர்க்கிற வேலை. மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கிற ஆறு அது. தேர்வுக் குழு, அந்த ஆற்றில் பாதி ஆயுள் ஓட்டிய அவரையே கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது.

"என்ன சொன்னீங்க?"

"காது கேளாதவ கையில கப்பலக் குடுக்காதீங்கன்னேன். அவ பக்கத்துல உக்காந்திருந்தா." டீயை இப்போது எடுத்தார். "நான் இறங்கினேன்லா. எனக்கு ஒரு நியாயம், எம் மவளுக்கு ஒரு நியாயமா? அதோட பேச்சு நின்னு போச்சு. பிறகு வேற குழு, வேற தேர்வு. தேறிட்டா. நான் பேப்பருல பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன்."

"எப்ப இருந்து கேக்குது?"

"அவ வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்ல இருந்து. மொதல்ல கனவுன்னு நெனைச்சேன். பிறகு கண்ண மூடிக்கிட்டா ஆறு முழுக்கத் தெரிய ஆரம்பிச்சிட்டு. அவ ஏறுற நேரத்துக்கு எந்திரிச்சு உக்காந்திருப்பேன். ஆர்டர் நான் ஒண்ணு சொல்லுவேன், அவளும் அதையே சொல்லுவா."

"பிறகு ஏன் புகார் குடுத்தீங்க?" என்றான் மைதீன். "குடுக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரியாதே."

ரெமிஜியுஸ் அவனை ஒரு பார்வை பார்த்தார். "ஒட்டுக் கேக்குறவன்னு நான் பேரெடுக்கணுமா? அதுவும் பெத்த மவ வீட்டுச் சொவத்துல. அவ வீட்டுக்குப் போனதும் வில்லையக் கழட்டிருவேன், பாத்துக்கிடுங்க. ஆனா அது மட்டும் இல்ல. ஒரு நாள் பக்கத்துல லேத்து பட்டறையில இரும்படிச்சான். எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. அவ சத்தம் எனக்கு வருதுன்னா எஞ் சத்தம் அவளுக்குப் போவாதா? திருப்பத்துல நிக்கும்போது காதுல இரும்படிச்சா என்ன ஆவும்? அன்னையில இருந்து அவ கப்பல்ல இருக்கிற நேரம் நான் வாயத் திறக்கல. இன்னைக்கித்தான் என்னமோ அசந்துட்டேன்."

பிறகு வடிவைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்மா. இத்தன நாளா நான் பேசினது அவளுக்குக் கேட்டுச்சா?"

"பார்த்துச் சொல்றேன் ஐயா."

பார்த்தாள். கருநிரலில், ஓர் அட்டையில் முதலில் பதிவதைத் தாய் என்பார்கள், அதன் கீழ் பதிவதைச் சேய்; இங்கே தாய் ரெமிஜியுஸ், சேய் பிளாவியா. ஒரு சேய் தன் பக்கத்தை விடும்போது அட்டவணை அதன் தாயை உள்ளே அனுப்பியது. தாய் விடும் பக்கம் சேய்க்குப் போக வழியில்லை. அங்கே கதவே கிடையாது. அவள் தலைகீழாக நின்று தேடியும் கதவு இல்லை.

"ஒருவழிதான்," என்றாள் மைதீனிடம். "அவர் பேசினது எதுவும் போகல."

"எப்படிக்கா சொல்லுவீங்க? மனுஷன் மவகூடப் பேசிக்கிட்டு இருந்ததா நெனைச்சுக்கிட்டு இருக்காரு. ஓட்டையையும் அடைக்கோம், இதையும் சொல்லணுமா? கேட்டிருக்கலாம், சரியாத் தெரியலைன்னு சொல்லிருங்க. யாருக்கு என்ன நட்டம்?"

"அறிக்கையில எழுதணும். எல்லாரும் படிப்பாங்க."

"அவரு எங்க படிக்கப் போறாரு."

அதைத்தான் வடிவும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடைப்பு எழுதுவது கடினமாக இல்லை. விடு இனித் தனியாக நிற்காது என்று முடிவு செய்தாள். கையை எடுப்பதற்குக் கழற்று. கழற்றும்போதே பக்கம் துடைக்கப்படும். அனுமதிக்க உள்விடு, அதுவும் இரண்டு பக்கமும் தனித்தனியே கேட்டால் மட்டும். கடினம், அதை மாட்டுவது. ஓடுகிற வண்டிக்கு அச்சாணி மாற்றுகிற வேலை. கணினியை நிறுத்தித் தொடங்கினால் ஊர் ஊராகக் காது அடைக்கும். அவள் வேறு வழி எடுத்தாள். ஒருவர் காதில் ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்கும் முன் இருக்கும் இடைவெளியில் அவர் பக்கத்தை மட்டும் மாற்றுவது. பிறகு அடுத்தவர். குழுவில் இருந்தவர்கள் அதை நம்பவில்லை. வடிவு அவர்களை நம்ப வைக்க மெனக்கெடவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் ரெமிஜியுஸ் வந்தார். இந்த முறை சுடலைமுத்துவே கூட்டிவந்தார். ஓட்டை அடைபட்டதை நேரில் சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர். குழு திரையில் இருந்தது. அவர் வில்லையை மாட்டினார். முகம் மாறியது.

"இப்ப வேண்டாம்மா. அவ ஆத்துல இருக்கா. திருப்பத்துக்கு வந்துட்டா."

வடிவு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "உங்க மக இறங்குற வரைக்கும் காத்திருந்தா, அதுக்குள்ள இன்னொருத்தி ஏறியிருப்பா ஐயா. எங்கேயாவது ஒரு டாக்டர் கத்தியோட நின்னுக்கிட்டு இருப்பாரு. யாருக்குமே ஆபத்து இல்லாத நேரம்னு ஒண்ணு கிடையாது. எந்த நேரத்திலும் மாட்டுற மாதிரிதான் செஞ்சிருக்கேன்."

"ஒரு ஆர்டர் தவறினாலும்..."

"தவறாது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கப்பலின் பாரம் கயிற்றில் விழும்போது கயிற்றைப் பார்ப்பது போல. பிறகு தலையசைத்தார்.

மைதீன் பொத்தானைத் தட்டினான். ரெமிஜியுஸ் கண்ணை மூடியிருந்தார். உதடு அசையவில்லை.

"டெட் ஸ்லோ," என்றார். "டெட் ஸ்லோன்னுட்டு..."

கண்ணைத் திறந்தார்.

"இல்ல. ஃபேன் சத்தம் கேக்குது. இங்க உள்ள ஃபேன்."

யாரும் கை தட்டவில்லை. மைதீன் அந்தத் துறைமுகத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். ரெமிஜியுஸ் வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தார். மகள் கப்பலோடு என்ன ஆனாள் என்று இப்போது அவருக்கும் மற்றவர்களைப் போலத்தான் தெரிய வேண்டும். வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒரு வரி மாறியது.

"கட்டிட்டாங்க மாஸ்டர். பெர்த்துல நிக்குது."

அவர் மூச்சை விட்டார். ஊர்களிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. எங்கும் ஒரு புகார் இல்லை. லட்சக்கணக்கானோரின் காதுக்கு அடியில் கருநிரலே மாறியிருந்தது. யாரும் பேச்சை நிறுத்தி "என்ன?" என்று கேட்கவில்லை. வடிவு தன் நாற்காலியில் சாய்ந்தாள். தான் செய்ததிலேயே சிறந்த வேலை இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை என்பதுதான் அதன் சிறப்பு.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு புதிய சொற்களையும் மெதுவாகச் சொல்லச் சொன்னார். வடிவு சொன்னாள். கழற்று. உள்விடு. தலைவி சொல்லிப் பார்த்தார். ழகரம் லகரமாகத்தான் வந்தது. ஆங்கிலத்தில் புதிதாக எழுதுவது பற்றிய பேச்சை இனி எடுக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தார்.

"நான் ஒண்ணு கேட்டிருந்தேன்," என்றார் ரெமிஜியுஸ்.

மைதீன் வடிவைப் பார்த்தான்.

"கேட்கல ஐயா," என்றாள் வடிவு. "நீங்க பேசினது ஒரு சொல்கூட அவங்களுக்குப் போகல. அவங்க பக்கம்தான் உங்களுக்குத் திறந்தது. உங்க பக்கம் அவங்களுக்குத் திறக்கவே இல்ல."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. அந்தப் பக்கம் வழியே கிடையாது."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகு மட்டும் தெரிந்தது. அவர் திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் ஸ்டார்போர்டும்பேன். மூச்சு விடுறதுக்குள்ள அவ ஸ்டார்போர்டும்பா. நான் மெதுவாம்பேன், அவளும் மெதுவாம்பா. வீட்டுல உக்காந்து யோசிப்பேன். இது அவ ஓட்டுதாளா, நான் ஓட்டுதேனா? நாளைக்கு எங் காதோ உசுரோ போச்சுன்னா அவ என்ன செய்வா? அது ஒண்ணுதான் எனக்குக் கவல."

மைதீன் துறைமுகப் பக்கத்தை மூடினான்.

"ஒரு தடவ நான் இடப்பக்கம், போர்ட்டுன்னேன். அவ வலப்பக்கம், ஸ்டார்போர்டுன்னா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு. பாத்தா மணல் நகந்திருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஆறு பழைய ஆறு. எம் பேச்சு அவ காதுல விழுந்து, அப்பன் சொல்லுதானேன்னு ஒரு நிமிசம் தயங்கியிருந்தாக் கப்பல் போயிருக்கும்." நெஞ்சில் கை வைத்தார். "கேக்கவே இல்லங்கீங்க. அப்ப அத்தனையும் அவளா ஓட்டினது. ஒவ்வொரு கப்பலும்."

"ஆமா ஐயா. அத்தனையும்."

"நான் அந்தத் தேர்வுக் குழுவுல சொன்னது தப்பு," என்றார், மணி என்ன என்று சொல்வது போல.

வடிவுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. "சத்தம் கசிஞ்சவங்க எல்லாருக்கும் நாளைக்குத் தகவல் போகும். சட்டம் அப்படி. உங்க மகளுக்கும் போகும். அவங்க அட்டையில மேல இருக்கிறது யாருன்னு அவங்களுக்குத் தெரியும்."

"அப்ப முந்திக்கிடணும். தகவல் வாறதுக்கு முன்னால நானே சொல்லிரணும்." பையிலிருந்து போனை எடுத்தார். மகள் எண்ணை எடுத்தார். கீழே வைத்தார்.

"திட்டுவாங்களோ மாஸ்டர்?" என்றான் மைதீன்.

"திட்டுவா. அவ அம்மையக் கொண்டிருக்கா. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. ஒட்டா கேட்ட, உனக்கு வெக்கமா இல்லையாம்பா. பழசையும் சேத்து எடுப்பா." அந்தத் திட்டை இப்போதே கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார். "எடுக்கட்டும். ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஆர்டர் போடுதா. இது ஒண்ணாவது எனக்குன்னு சொல்லுவாள்லா."

காதுக்குப் பின்னால் இருந்த வில்லையைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, வடிவிடம் நீட்டினார்.

"சரியாக் கேக்குதான்னு ஒரு தடவ பாத்துக் குடுங்கம்மா."

வடிவு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.